மீந்த வான்கோழியும் வொயிட் சாஸும்

டிசம்பர் 26ஆம் தேதி காலையில் பெரம்பூரிலும் ராயபுரத்திலும் வான்கோழி ரோஸ்ட் செய்த வீடுகளின் ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஏறக்குறைய ஒரே காட்சிதான். நெஞ்சுக்கறியில் பாதி, ஒரு கால், முதுகெலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுதுணுக்கு, தட்டின் அடியில் உறைந்துபோன மசாலாச் சாறு. நாலு கிலோ பறவை என்றால் எட்டுப் பேர் சாப்பிட்டு எழுந்த பிறகும் அரை கிலோ கறி மீந்துவிடும்.

ஆங்கிலோ இந்திய வீடுகளில் இதற்குப் பழைய வழி ஜல்ஃப்ரேசி. வெங்காயம், குடைமிளகாய், பச்சை மிளகாயோடு போட்டு ஒரு பிரட்டு. கால் கறிக்கு அது அருமையான முடிவு. நெஞ்சுக்கறிக்குத்தான் அது ஒத்துவராது. ஏற்கெனவே ஓவனில் மூன்று மணி நேரம் இருந்த கறி, மறுபடியும் இரும்புக் கடாயில் வதங்கினால் தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். அதற்குக் கேசரோல்தான் சரி. நம்மூரில் கேசரோல் என்றால் சப்பாத்தி சூடாறாமல் வைக்கும் டப்பா; இங்கே சொல்வது மூடிய அல்லது ஆழமான பாத்திரத்தில் சாஸ் ஊற்றி பேக் செய்யும் சாப்பாடு. அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் முடிந்ததும் மீந்த வான்கோழிக்கு அடிக்கடி நடப்பது இதுதான். அங்கே பல வீடுகளில் டின்னில் வரும் காளான் சூப்பைக் கொட்டிக் கலந்துவிடுவார்கள். 1934இல் கேம்ப்பெல் நிறுவனம் அந்த டின்னைக் கொண்டுவந்ததிலிருந்து அந்தப் பழக்கம். நமக்கு அந்த டின் தேவையில்லை. எலும்பு இருக்கிறது, பால் இருக்கிறது.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்: கறி வெந்துவிட்டது. இனி அது சூடாகத்தான் வேண்டும், வேகக் கூடாது. உழைப்பு முழுவதும் சாஸுக்கும் எலும்பு ரசத்துக்கும்தான். கறி கடைசியாக உள்ளே போக வேண்டும்.

முதல் நாள் ராத்திரியே தொடங்கும் வேலை

மார்கழிதானே, குளிராகத்தானே இருக்கிறது என்று ரோஸ்ட் தட்டை மூடி அடுப்பு மேலேயே விட்டுவிடும் பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. சென்னையின் மார்கழி ராத்திரி பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே போவதில்லை. கிருமிகள் பெருகுவதற்கு 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரைக்கும் வசதியான சூடு. மீன் குழம்பை ராத்திரி வெளியே வைத்து, காலையில் ஒரு கொதி விட்டுச் சாப்பிடுகிறோமே என்று கேட்பார்கள். அதில் புளி இருக்கிறது, உப்பும் காரமும் தூக்கல். ரோஸ்ட் கறிக்கு அந்த அளவுக் காவல் இல்லை. கறியைக் கையால் தொட்டுப் பிய்க்கும்போது ஒட்டும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி வெளியே பெருகி நஞ்சை விட்டுவிட்டால், பிறகு எத்தனை கொதி விட்டாலும் கிருமி சாகும், நஞ்சு போகாது. வாந்தி அதிலிருந்துதான் வருகிறது.

ஆகவே சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் கறியை எலும்பிலிருந்து பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். சின்னத் துண்டாக வெட்டாதீர்கள், பெரிய பெரிய துண்டாகவே இருக்கட்டும். தட்டிலிருக்கும் சாற்றில் இரண்டு கரண்டியை மேலே ஊற்றி, அகலமான டப்பாவில், காற்று அதிகம் இல்லாதபடி மூடி வைக்க வேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. மறுநாள் வான்கோழியில் ஒரு பழைய, அட்டை போன்ற வாடை வருமே, அது கெட்டுப்போனதால் வருவதில்லை. கறியிலுள்ள கொழுப்பு காற்றுபட்டு மாறுவதால் வருவது. வான்கோழிக் கொழுப்பு ஆட்டுக்கொழுப்பைவிடச் சீக்கிரம் அப்படி மாறும். வெட்டின முகம் குறைந்தால் வாடையும் குறையும். மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் முதல் நாளே ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுங்கள்.

எலும்பு ரசம்

எலும்புக்கூட்டை இரண்டாக மூன்றாக உடைத்து, மேலே ஒட்டியிருக்கும் கருகின மசாலாவை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் ரசம் கறுத்துக் கசக்கும். குக்கரில் எலும்பு, ஒரு வெங்காயம் நாலாக வெட்டியது, பாதி கேரட், பத்து மிளகு, ஒரு பிரிஞ்சி இலை, 1¼ லிட்டர் தண்ணீர். ஒரு விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து நாற்பது நிமிடம். உப்பு வேண்டவே வேண்டாம். ரோஸ்டிலேயே உப்பு இருக்கிறது, பின்னால் சீஸிலும் வெண்ணெயிலும் வரும். வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க விடுங்கள். கேசரோலுக்கு 350 மில்லி போதும். மிச்சத்தை ஐஸ் ட்ரேயில் ஊற்றி வைத்தால் அடுத்த சூப்புக்கு ஆச்சு.

அளவு

ஆறு பேருக்கு: கறி 500 கிராம், மக்ரோனி 200 கிராம், மைதா 50 கிராம், உப்பு போட்ட வெண்ணெய் 50 கிராம், பால் 350 மில்லி, மேலே சொன்ன ரசத்தில் 300 மில்லி (மீதி 50 மில்லி கறியில் தெளிக்க). பாலுக்கு ஆவின் பச்சைப் பாக்கெட் சரியாக இருக்கும். ஆரஞ்சுப் பாக்கெட் இந்த வெண்ணெயோடு சேர்ந்தால் திகட்டும். பட்டன் காளான் 150 கிராம், பச்சைப் பட்டாணி 100 கிராம், ஒரு பெரிய வெங்காயம், நாலு பல் பூண்டு, விதை எடுத்த பச்சை மிளகாய் ஒன்று. சீஸ் 120 கிராம். மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன், ஜாதிக்காய் துருவினது இரண்டு சிட்டிகை. எட்டு அல்லது ஒன்பது அங்குலச் சதுரப் பாத்திரம், இரண்டரை லிட்டர் கொள்ளவேண்டும். பாரிமுனைப் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் அலுமினிய கேக் டின்னே போதும், கொஞ்சம் ஆழமானதாகப் பாருங்கள்.

மக்ரோனியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்னாலேயே வடித்துவிட வேண்டும். கடித்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். முழுக்க வேகவைத்துப் போட்டால் ஓவனில் சாஸைக் குடித்துக் களியாகிவிடும். கேசரோல் வறண்டுபோச்சு என்று சொல்பவர்களில் பாதிப் பேருடைய தப்பு இதுதான். மக்ரோனி இல்லையென்றால் தோல் உரித்து முக்கால் வேக்காடாக எடுத்த உருளைக்கிழங்கு அரை கிலோ நன்றாகச் சேரும்.

காளானை எண்ணெயில் பெரிய தீயில், உப்புப் போடாமல், காளானே விடும் தண்ணீர் சுண்டி ஓரம் சிவக்கும்வரை வதக்கித் தனியே எடுத்துவிடுங்கள். அவசரப்பட்டால் அந்தத் தண்ணீர் முழுவதும் சாஸில்தான் இறங்கும்.

சாஸ் திரிந்துபோகும் இடம்

வெளிநாட்டுக் குறிப்பைப் பார்த்துச் செய்தால் நம் வீட்டில் சாஸ் திரிந்துபோவதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் ரோஸ்டில் உப்பு, மிளகு, வெண்ணெய், இலைவகை. நம் ரோஸ்டில் வினிகரோ எலுமிச்சையோ தயிரோ இல்லாமல் இருக்காது. அந்தத் தட்டுச் சாற்றை அப்படியே எடுத்துச் சுடு பாலில் ஊற்றினால் பனீர்தான் கிடைக்கும்.

அதனால் வரிசை முக்கியம். அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயை நிறம் மாறாமல் வதக்குங்கள். மைதாவைத் தூவி, சின்னத் தீயில் இரண்டு நிமிடம் கிளறினால் பச்சை மாவு வாசம் போய் பிஸ்கட் வாசம் வரும். சிவக்க விடாதீர்கள், மாவு சிவக்கச் சிவக்கக் கெட்டியாக்கும் சக்தி குறையும். இப்போது தீயை அணைத்துவிட்டு, ஆறின ரசத்தை ஒரு கரண்டி ஊற்றி, விஸ்க்கால் கலக்க வேண்டும். முதலில் உருண்டை பிடித்து, விஸ்க்கில் ஒட்டும் மாவாக இறுகும். பயப்பட வேண்டாம், அடுத்த கரண்டியில் இளகும். மூன்றாவது கரண்டியில் வழவழவென்று வந்துவிட்டால் மீதி ரசத்தையும் பாலையும் தாராளமாக ஊற்றலாம். சூடான மாவில் சூடான ரசத்தை ஒரேயடியாகக் கொட்டினால்தான் கட்டி தட்டும்: மாவின் வெளிப்பக்கம் உடனே வெந்து தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே பொடியாகவே நிற்கும். அப்படி ஆகிவிட்டால் கிளறிப் பிரயோஜனமில்லை. வடிகட்டியில் தேய்த்து எடுங்கள்.

அடுப்பைப் பற்றவைத்து, கொதி வந்த பிறகு ஐந்து நிமிடம் சிம்மில். கரண்டியின் முதுகில் சாஸ் படர்ந்து, விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்க வேண்டும். அதைவிட ஒரு சுற்று இளக்கமாக இருந்தாலும் பரவாயில்லை, மக்ரோனி குடித்துக்கொள்ளும். இந்தப் பதம் வந்த பிறகுதான் தட்டுச் சாறு. மாவு கெட்டிப்பட்ட பாலில் புளிப்பு சட்டென்று திரிக்காது; மாவுச்சத்து நடுவில் நின்று பால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும். அப்படியும் ஒரு ஸ்பூன் ஊற்றி, கலக்கி, பார்த்து, அடுத்த ஸ்பூன். நாலு டேபிள்ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். அதற்குள்ளேயே சாஸ் முழுவதும் ரோஸ்ட் வாசம் பிடித்துவிடும்.

அடுப்பை அணைத்த பிறகு 80 கிராம் சீஸைத் துருவிப் போடுங்கள். கொதிக்கும் சாஸில் போட்டால் செடார் சீஸ் எண்ணெய் கக்கும். க்யூப் சீஸ் எண்ணெய் விடாது, ஆனால் மேலே தூவினால் அழகாகச் சிவக்கவும் சிவக்காது. உள்ளே க்யூப், மேலே மொசரெல்லா என்று பிரித்துக்கொள்வது நல்லது. மிளகு, ஜாதிக்காய் சேர்த்து, இப்போதுதான் ருசி பார்த்து உப்பு. பல வீட்டு ரோஸ்டுக்கு உப்பே தேவைப்படாது.

சேர்ப்பது, பேக் செய்வது

நெஞ்சுக்கறியின் நரம்போட்டத்துக்குக் குறுக்கே, இரண்டு சென்டிமீட்டர் துண்டாக வெட்டுங்கள். நீளவாக்கில் வெட்டினால் வாயில் நூலாக இழுக்கும். கால் கறியைக் கையால் பிய்த்தால் போதும். மீதமிருக்கும் வெதுவெதுப்பான ரசத்தில் நாலு ஸ்பூன் தெளித்துப் பிசிறி, பத்து நிமிடம் வையுங்கள். பிறகு மக்ரோனி, காளான், பட்டாணி, கறி எல்லாவற்றையும் சாஸில் போட்டு, அடியிலிருந்து மெல்லப் புரட்டி, வெண்ணெய் தடவின பாத்திரத்தில் கொட்டுங்கள். கலவை கொஞ்சம் தளதளவென்று இருக்க வேண்டும். கெட்டியாகத் தெரிந்தால் கால் கப் பால் விடுங்கள்.

மேலே 40 கிராம் சீஸ். அதன்மேல் ரஸ்க்கைக் கரகரப்பாக உடைத்து, வெண்ணெயில் பிசிறித் தூவலாம். ஆனால் வட சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் நடத்தும் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகளில் மேலே தூவித் தருவார்களே, அந்த மொறுமொறு வெங்காயம். வெங்காயத்தை ஒரே மெல்லிசாக வெட்டி, நிதானமான தீயில், லேசாகச் சிவக்கும்போதே எண்ணெயிலிருந்து எடுத்துவிடுங்கள். வெளியே வந்தபிறகும் நிறம் ஏறும். இதைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் தூவ வேண்டும். முதலிலேயே போட்டால் கருகிக் கசப்பு இறங்கும்.

ஓடிஜியை (மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன்) 180 டிகிரியில், மேல்கம்பி கீழ்க்கம்பி இரண்டும் எரிய, பத்துப் பன்னிரண்டு நிமிடம் சூடாக்கி, நடுத்தட்டில் வைத்தால் 25 நிமிடம். ஓரம் குமிழி விடுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம், நடுப்பகுதி கடைசியில்தான் சூடாகும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 74 டிகிரி. இல்லையென்றால் கத்தியை நடுவில் பத்து விநாடி நிறுத்தி எடுத்து, அலகின் பக்கவாட்டைப் புறங்கையில் வையுங்கள். வைத்த உடனே கையை இழுத்துக்கொள்ளத் தோன்ற வேண்டும். ஃப்ரிட்ஜில் தயாராக வைத்திருந்ததைப் பேக் செய்வதானால் ஃபாயில் மூடி 40 நிமிடம், பிறகு திறந்து பத்து நிமிடம். கண்ணாடிப் பாத்திரம் என்றால் ஃப்ரிட்ஜிலிருந்து நேராகச் சூடான ஓவனுக்குப் போகக் கூடாது, விரிசல் விட்டுவிடும்.

ஓவன் இல்லாத வீட்டில், அடிகனமான பழைய பாத்திரத்தின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பு, அதன்மேல் ஒரு ஸ்டாண்ட். பத்து நிமிடம் சூடாக்கி, டின்னை வைத்து, இறுக்கமாக மூடி, சின்னத் தீயில் 35 நிமிடம். சீஸ் உருகும், ஆனால் மேல்பக்கம் சிவக்காது. அதனால் ரஸ்க் தூளைத் தவாவில் வெண்ணெய் விட்டு முன்கூட்டியே பொன்னிறமாக வறுத்து, இறக்கிய பிறகு தூவுங்கள். மூடியில் சேரும் ஆவி சொட்டாமல் இருக்க ஒரு வெள்ளைத் துணியை மூடிக்கு உள்பக்கமாகக் கட்டி, முனைகளை மேலே முடிந்துவிடலாம். துணி தீப்பக்கம் தொங்கக் கூடாது.

இறக்கியதும் வெட்ட வேண்டாம். பத்து நிமிடம் விட்டால் சாஸ் இறுகி, கரண்டியில் துண்டாக வரும். பக்கத்தில் வினிகரில் ஊறின வெங்காயமும் வெள்ளரிக்காயும் வைத்தால் வெண்ணெய்க் கனத்துக்கு ஈடாக இருக்கும். இதிலும் மீந்தால் மறுநாள் ஒரே ஒரு முறை, சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, ஒரு ஸ்பூன் பால் தெளித்து, மூடி போட்டுச் சூடாக்குங்கள்.