தெத் விடுமுறையில் ஒரு தை அமாவாசை

வியட்நாமில் பொங்கலுக்கு லீவு கிடையாது. எங்கள் முந்திரி ஆலையில் வேலை நெருக்குவதே அப்போதுதான். சில வாரங்களில் தெத், அவர்களுடைய சந்திரப் புத்தாண்டு, வந்துவிடும். அதற்குள் சரக்கு கப்பலேற வேண்டும். அப்புறம் ஆலைக்குப் பூட்டுதான். கூட வேலை செய்யும் பெண்கள் மூட்டை முடிச்சோடு பைக்கில் ஏறி மெகாங் டெல்டா பக்கம் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

நான் பண்ருட்டிப் பக்கம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்தபோது எங்கள் அரைக் காணியும் போனது. அதற்கு முன்பும் பின்பும் அம்மா கொட்டை உடைத்துத்தான் எங்களை வளர்த்தார். தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு அவர் விரல் நுனிகள் இன்றைக்கும் கறுத்தே இருக்கின்றன. இங்கே கொட்டையை இயந்திரம் வெட்டுகிறது. நான் பருப்பைத் தரம் பிரிக்கும் இடத்தில் மேற்பார்வை. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு. அம்மா ஒரு கை அள்ளிப் பார்த்தே அதைச் சொல்லிவிடுவார்.

ஹோ சி மின் நகரத்துக்கு வடக்கே, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டோங் ஸ்வாயில் மாடியறை ஒன்றில் குடியிருக்கிறேன். முதல் தெத் 2024-ல். டிக்கெட் விலையைப் பார்த்து ஊருக்குப் போகவில்லை. பிப்ரவரி 9, தெத்துக்கு முந்தின நாள். தெருவில் ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் அம்மா போன் செய்தார்.

"தை அமாவாசைடா தம்பி. அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விட்டியா?"

எள்ளுக்கு எங்கே போவது? ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தேன்.

கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மா முன்னோர் படங்களைத் துடைத்து, ஊதுவத்தி ஏற்றி, பழத்தட்டு வைத்துக்கொண்டிருந்தார். சீத்தாப்பழம், தேங்காய், பப்பாளி, மாங்காய். தென் வியட்நாமில் இந்தப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் 'செலவுக்குப் போதுமான அளவு கொடு' என்று கேட்பது போல் ஒலிக்குமாம். வெறுங்கையோடு போகக் கூடாது என்று நான் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிப் போயிருந்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, சிரித்தபடியே சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்தார். வாழைப்பழத்தின் பெயர் அவர்கள் பேச்சில் 'குப்புறச் சரிவது' போல் ஒலிப்பதால் தெத் படையலில் வைக்க மாட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வாழைப்பழம் இல்லாத படையலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மனசு கனத்துவிட்டது.

அப்புறம் அவர் என்னையும் உட்காரவைத்துச் சோறு போட்டார். முன்னோரை அன்று வீட்டுக்கு அழைத்து, இரண்டு மூன்று நாள் தங்கவைத்து அனுப்புவார்களாம். ஆடி அமாவாசைக்கு வருகிற முன்னோர் தை அமாவாசையில் திரும்பிப் போகிறார்கள் என்பார் அம்மா. அதே பகலில் அந்த வீட்டுக்குள் அவர்களுடைய பெரியவர்கள் வருகிறார்கள். என் அப்பாவை வழியனுப்ப நான் மட்டும் ஊரில் இல்லை. சாப்பிட முடியவில்லை, அந்த அம்மா எதுவும் கேட்காமல் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

2025-ல் தை அமாவாசையும் தெத்தும் ஒரே நாளில் வந்தன, ஜனவரி 29. ஆலை ஒன்பது நாள் லீவு. இந்த முறை விலையைப் பார்க்கவில்லை. கோலாலம்பூரில் மாறி சென்னை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வீடு சேர்ந்தேன். அம்மா பொங்கல் கரும்பு இரண்டை ஈரச் சாக்கில் சுற்றிக் கிணற்றடியில் வைத்திருந்தார். பதினைந்து நாள் கரும்பு, கணுவெல்லாம் சிவந்து சாறு வற்றிப் போயிருந்தது. முழுக் கரும்பையும் தின்றேன்.

அமாவாசையன்று விடியும் முன்பே கடலூர் தேவனாம்பட்டினம். கடற்கரை நெடுக ஐயர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, முன்னால் ஈர வேட்டியோடு ஜனங்கள். மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார்கள். அப்பா பெயரும் தாத்தா பெயரும் வந்தன. பூட்டன் பெயர் எனக்குத் தெரியாது. பின்னால் நின்ற அம்மா சொன்னார். எள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு விழவே இல்லை. தண்ணீர் விட்டுத் தேய்த்த பிறகும் ரேகைக்குள் இரண்டு தங்கிவிட்டன. வீட்டுக்கு வந்து காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, வாழைக்காய்ப் பொரியலோடு சாப்பிட்டோம். திரும்பும்போது அம்மா ஒரு எள் பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைத்தார்.

2026-ல் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. தெத் பிப்ரவரி 17. தை அமாவாசை ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. அன்று ஊருக்குப் போக வழியில்லை. கீழ் வீட்டு முற்றத்தில் அப்பாவுக்குச் செய்துகொள்ளட்டுமா என்று வீட்டுக்கார அம்மாவிடம் போனில் மொழிபெயர்த்துக் காட்டிக் கேட்டேன். அவர் திரையைப் படித்துவிட்டு, அப்பாவுக்கு என்ன பழம் வைக்க வேண்டும் என்று கேட்டார். வாழைப்பழம் என்றேன். சந்தையில் நல்ல சீப்பாகத் தானே பார்த்து வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.