சங்கு ஊதியபோது நாங்கள் ஓடிய திசை

கொரோனாவுக்காக இரண்டு ஆண்டுகள் நின்றுபோயிருந்த ஆடித் திருவிழா எங்கள் தெருவில் மீண்டும் நடந்த ஞாயிற்றுக்கிழமை அது. நண்பகலில் கூழ் ஊற்றி முடித்துவிட்டு, அம்மன் வீதியுலாவுக்காக டிராக்டரை அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். மாலை நாலரை மணி இருக்கும். வடசென்னையில் எரிபொருள் கிடங்குகளுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தெரு. பெரிய சத்தம் ஒன்று கேட்டதும், கோயில் வேட்டாகத்தான் இருக்கும், இத்தனை பெரிய வேட்டை யார் வாங்கிக் கொடுத்தார்களோ என்று நான் அலுத்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. அலுத்துக்கொண்ட வாய் மூடுவதற்குள் கூடத்து ஜன்னல் கண்ணாடிகள் மூன்றும் நொறுங்கின. நொறுங்கியவை வீட்டுக்குள் விழவில்லை, வெளியே தெருவில் போய் விழுந்தன. இந்தச் சிறு விவரம் ஐந்து மாதங்கள் கழித்து எனக்கு எவ்வளவு தொல்லை கொடுக்கப்போகிறது என்பது அப்போது தெரியாது.

தெருவில் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஆபத்தை நினைத்துக்கொண்டு ஓடினார்கள். ஓட்டல்காரர் சிலிண்டர் என்று கத்திக்கொண்டு அடுப்பை அணைக்கப் பாய்ந்தார். எதிர்வீட்டு ஆயா, 2004-இல் கடல் வந்ததைக் கண்ணால் பார்த்தவர், பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேற்கே நடக்கத் தொடங்கிவிட்டார். இளைஞர்களுக்கு வேறு நினைவு. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த மறுநாளே, மணலியில் அங்கே வெடித்த அதே அமோனியம் நைட்ரேட் உப்பு சுமார் 700 டன் வைக்கப்பட்டிருக்கிறது என்று செய்தி வந்து, அது ஹைதராபாத்துக்கு லாரிகளில் ஏற்றப்படும் வரை எங்கள் பக்கத்தில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஆகவே 'அந்த உப்பு இன்னும் மிச்சம் இருக்குது போல' என்று ஒருவன் சொன்னதும், அது தெருமுனை வரை உண்மையாகிவிட்டது. இவர்களுக்கு நடுவே, நாலைந்து பேர் செல்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி புகை வந்த திசையை நோக்கியே ஓடினார்கள்.

நடந்தது இதுதான். எரிபொருள் கிடங்கில் பழுதுபார்ப்பதற்காகக் காலி செய்யப்பட்ட ஒரு தொட்டியில் வெல்டிங் வேலை நடந்திருக்கிறது. அடியில் தங்கியிருந்த ஆவி தீப்பொறி பட்டு வெடித்து, தொட்டியின் கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. பெட்ரோல் நிறைந்த தொட்டியைவிட, காலி என்று நம்பப்படும் தொட்டியில்தான் ஆவியும் காற்றும் கலந்து வெடிக்கும் நிலையில் இருக்கும் என்பதை அங்கே லோடு ஏற்றும் டிரைவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருவருக்குத் தீக்காயம். இருவரும் பிழைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். அவருடைய மனைவி என்னிடம் வந்து, 'சார், நீங்க பெட்டிஷன் போட்டா மேஸ்திரி ஆஸ்பத்திரி செலவ நிறுத்திடுவாரு' என்று கெஞ்சியது, பின்னால் நடந்த எல்லாவற்றையும்விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தொழிலாளர்களுக்கான இழப்பீடு வேறு சட்டத்தின் கீழ் வருவது, எங்கள் மனுவால் அது நிற்காது என்று நான் விளக்கினேன். அவர் நம்பவில்லை.

அன்றைக்குக் கிடங்கின் அபாயச் சங்கு, அதாவது சைரன், இரண்டு முறை ஊதியது. முதல் முறை ஊதியபோது கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் எங்களில் யாருக்கும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, ஒலிபெருக்கியெல்லாம் அணைந்து தெருவே வாயடைத்து நின்றபோது, இரண்டாவது சங்கு ஒரே சீராக நீளமாக ஒலித்தது. அதைக் கேட்டுத்தான் தெரு மொத்தமும் ஓடியது. கைக்குழந்தைகளோடு தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய், இருட்டும் வரை ஜல்லிக்கற்கள் மேல் உட்கார்ந்திருந்தோம். ஒரு சரக்கு ரயில் வந்தபோது பிள்ளைகளை இழுத்துப் பிடித்ததை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

மறுநாள் காலையில் நான் செய்த முதல் தவறு, கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி அள்ளியது. மின்வாரியத்தின் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாயைக்கூடக் கடத்தாதவன் நான். என் வீட்டுச் சேதத்துக்கு மட்டும் ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லை. யாருக்காவது இப்படி நேர்ந்தால், கிடக்கிற கோலத்தில் அன்றைய செய்தித்தாளை அருகில் வைத்துப் படம் எடுத்துவிட்டு, பிறகு துடைப்பத்தைத் தொடுங்கள்.

சுவர் விரிசல்களை எங்கள் தெருக் கொத்தனார் ஒருவர்தான் காப்பாற்றிக் கொடுத்தார். விரிசல் பழையதா புதியதா என்று கேள்வி வரும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். பழைய விரிசலுக்குள் தூசியும் சிலந்தி நூலும் இருக்கும், வெள்ளையடித்த சுண்ணாம்பு உள்ளே இறங்கி விளிம்பு மழுங்கியிருக்கும். புதிய விரிசலின் விளிம்பு கத்தியால் கீறியது போல இருக்கும், உள்ளே செங்கல்லின் சிவப்பு அப்படியே தெரியும். விரிசல் முடிகிற இரண்டு நுனிகளிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதினார். நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் குழைத்து ஒட்டினார். 'விரிசல் நவுந்தா இது உடையும் சார், உடையலன்னா அதிர்ச்சி அதோட நின்னுச்சுன்னு அர்த்தம்' என்றார். இதற்கு அவர் வாங்கிக்கொண்டது ஒரு டீ.

மூன்றாம் நாள் கிடங்கை நடத்தும் நிறுவனத்தின் சார்பில் இருவர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். உடைந்த கண்ணாடிகளை அவர்களே மாற்றித் தருவதாகவும், ஒரு கடிதத்தில் கையெழுத்து மட்டும் வேண்டும் என்றும் சொன்னார்கள். கடிதத்தின் கடைசி வரி, 'இதையே முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன், இனி எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன்' என்றிருந்தது. தெரு இரண்டாகப் பிரிந்தது அந்த வரியில்தான். கிடங்கை நம்பி லாரி ஓட்டுபவர்களும் டீக்கடை வைத்திருப்பவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், நாளைக்கும் அதே வாசலில் நின்றுதான் பிழைக்க வேண்டும். ஆனால் கையெழுத்துப் போட்ட வீடுகளில் இரண்டில், மழைக்காலம் வந்த பிறகுதான் மொட்டைமாடி விரிசல் தெரிந்து ஒழுகத் தொடங்கியது.

கையெழுத்துப் போடாத 19 வீடுகள் மிஞ்சின. ஒரு வழக்கறிஞர் உறவினர் வழியாகத்தான் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் என்று 1991-இலிருந்தே ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரிய வந்தது. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு வந்த சட்டங்களில் ஒன்று அது. அபாயகரமான பொருளைக் கையாளும் இடத்தில் விபத்து நடந்து வெளியாருக்குப் பாதிப்பு ஏற்பட்டால், யார் தவறு என்று நாம் நிரூபிக்கத் தேவையில்லை. மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும். இதன் கீழ் நிவாரணம் வாங்கினால் மேலும் கேட்கும் உரிமை போய்விடாது, பிறகு கிடைக்கும் இழப்பீட்டில் இதைக் கழித்துக்கொள்வார்கள். நிறுவனத்தின் கடிதத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

ராஜாஜி சாலையில் சென்னை ஆட்சியர் அலுவலகம் இருக்கும் சிங்காரவேலர் மாளிகைக்குத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் போனோம். எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், 2018-இல் மாவட்ட எல்லை மாறி எங்கள் பகுதி சென்னையோடு சேர்ந்த செய்தி காதில் ஏறாமல், திருவள்ளூருக்குப் போய்விட்டு மாலையில் போன் செய்தார். ஒரே மனுவில் 19 கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருந்தோம். சொத்துக்கு உரியவர் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் படிவம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அங்கிருந்த பெண் எழுத்தர் ஒருவர் பொறுமையாக ஒரு மாதிரிப் படிவத்தை நிரப்பிக் காட்டினார்.

சொத்துக்கு உரியவர் என்ற இரண்டு சொற்களில்தான் சிக்கல் இருந்தது. எங்கள் 19 வீடுகளில் ஏழு வீடுகளுக்குப் பட்டா கிடையாது. நாற்பது ஆண்டுகளாக வரி கட்டுகிறார்கள், மின் இணைப்பு இருக்கிறது, ரேஷன் அட்டை இருக்கிறது, நிலம் மட்டும் புறம்போக்கு. 'பட்டா கேட்டுட்டா வூட்டையே காலி பண்ணச் சொல்லிடுவாங்களோ' என்று பயந்து மூன்று பேர் அன்றே பின்வாங்கினார்கள். மற்ற நால்வரும், நிலத்துக்கு அல்ல, தாங்கள் கட்டிய சுவருக்கும் உடைந்த பொருளுக்கும்தான் கேட்கிறோம் என்று பிரமாணப் பத்திரம் எழுதி, சொத்துவரி ரசீதையும் மின்கட்டண அட்டையையும் இணைத்தார்கள். அந்த நால்வரின் மனுவும் ஏற்கப்பட்டது. பின்வாங்கிய மூவரில் ஒருவர் எதிர்வீட்டு ஆயா. அவருடைய ஓட்டு வீட்டில்தான் சேதம் அதிகம்.

ஆய்வுக்கு வந்தபோது கிடங்கின் காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் என் வீட்டு ஜன்னலில்தான் நின்றார். வெளியிலிருந்து அதிர்வு வந்தால் கண்ணாடி உள்ளேதானே விழ வேண்டும், வெளியே விழுந்திருக்கிறது என்றால் உள்ளேயிருந்து யாரோ உடைத்திருக்கிறார்கள் என்றார். என் மனைவி அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரைப் பிடித்து எழுத்துமூலமாக விளக்கம் வாங்கினேன். வெடிப்பின் அழுத்த அலை முதலில் தள்ளும், அது கடந்துபோனதும் வெளியே அழுத்தம் குறைந்து எதிர்ப்பக்கம் இழுக்கும், தள்ளியபோது விரிசல் விட்ட கண்ணாடி இழுக்கும்போது வெளியே விழுவது இயல்பு. ஒரு பக்கக் கடிதம் அது. பெருக்கி அள்ளாமல் தெருவில் கிடந்த துண்டுகளைப் படம் எடுத்திருந்தேனானால் அந்தக் கடிதத்தோடு பத்தே நாளில் முடிந்திருக்கும். அந்த ஆட்சேபணையே இரண்டு மாதங்களைத் தின்றது.

கூடியவரை மூன்று மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு ஏழு மாதங்கள் ஆயின. சொத்துச் சேதத்துக்கு 1991-இல் அட்டவணையில் எழுதப்பட்ட உச்சவரம்பு 6,000 ரூபாய். என் வீட்டுப் பழுதுக்குக் கொத்தனார் போட்ட கணக்கு 38,400 ரூபாய். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு 6,000 ரூபாய்க்கு ஒரு அறையையே கட்டியிருக்கலாம். காசோலை கைக்கு வந்தபோது சிரித்தேனா எரிச்சலடைந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. மீதிக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம் என்று நான்கு பேர் நின்றார்கள். எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

எனக்கு விட முடியாமல் போனது சங்கு விஷயம். பணத்துக்கு அலைந்த நாட்களிலேயே, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு ஒன்று போட்டிருந்தேன். இந்தக் கிடங்கில் விபத்து நடந்தால் சுற்றி வசிப்பவர்கள் என்ன செய்ய வேண்டும், சங்கின் பொருள் என்ன என்பவைதான் என் கேள்விகள். முப்பதாவது நாள் பதில் வந்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தர இயலாது என்று இரண்டே வரி. எங்கள் பாதுகாப்புக்கான தகவலைப் பாதுகாப்புக் காரணத்துக்காகத் தர முடியாதாம். மேல்முறையீடு எழுதுவதற்காக இரவுகளில் படித்தேன். இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு என்ற கிடங்கில் 2005 டிசம்பர் 11 விடியற்காலையில், அளவுகாட்டி சிக்கிக்கொண்டதால் பெட்ரோல் தொட்டி நிரம்பி வழிந்து, ஆவி மேகமாகப் படர்ந்து வெடித்தது. 43 பேர் காயமடைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அலுவலகங்கள் காலியாக இருந்து யாரும் சாகவில்லை. ஜெய்ப்பூர் சீதாபுராவில் 2009 அக்டோபர் 29 மாலை கசிந்த பெட்ரோலுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அங்கே உயிர்கள் போயின, தீ நாள்கணக்கில் எரிந்தது. எங்களுடையது ஒரு காலித் தொட்டி மட்டும் என்பது இவற்றைப் படித்த பிறகுதான் உறைத்தது.

அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளில், வளாகத்துக்கு வெளியே பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு, செய்யவேண்டியதையும் செய்யக்கூடாததையும் நிறுவனமே தெரிவிக்க வேண்டும் என்று 15-ஆவது விதி சொல்கிறது. அந்த விதியை அப்படியே எடுத்தெழுதி மேல்முறையீடு செய்தேன். இரண்டு தாள்கள் தபாலில் வந்தன. ஏறி இறங்கி ஊளையிடும் சங்கு என்றால் தீ, அதுவே மூன்று முறை திரும்ப வந்தால் பேராபத்து. ஏற்ற இறக்கம் இல்லாமல் நேராக இரண்டு நிமிடம் ஒலித்தால் ஆபத்து நீங்கியது என்று அர்த்தம். அந்த வரியை நான்கைந்து முறை படித்தேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி நாங்கள் ஓடியது, ஆபத்து நீங்கிவிட்டது என்று சொன்ன சங்குக்கு.

அந்தத் தாள்களை நகல் எடுத்து, கையெழுத்துப் போட்டவர், போடாதவர் என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். பாதிப் பேர் மளிகைப் பொட்டலம் மடிக்கத்தான் பயன்படுத்தியிருப்பார்கள். எங்கள் வீட்டில் என் மனைவி சமையலறைக் கதவில் ஒட்டிவைத்தார்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, அங்கே கட்டிக்கொடுத்த என் தங்கை மகள் போன் செய்தாள். 'மாமா, கண்ணு மூக்கெல்லாம் எரியுது, எல்லாரும் ஓடுறாங்க, எந்தப் பக்கம் போறது?' என்றாள். நான் தாள்கள் ஒட்டிய சமையலறைக் கதவருகே நின்றுகொண்டு, மொட்டைமாடிக் கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். மேற்கே பறக்கிறது என்றாள். 'அப்போ காத்து போற வழியில போகாத, அதுக்குக் குறுக்கால போ, ஈரத் துணிய மூக்குல கட்டிக்கோ' என்றேன். இரண்டு மணிக்கு ஸ்கூட்டரில் இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். துப்பட்டா இன்னும் ஈரமாகக் கழுத்தில் கிடந்தது. தண்ணீர் குடித்துவிட்டு முதல் வேலையாகக் கதவிலிருந்த தாள்களைத் தன் செல்பேசியில் படம் எடுத்து, மாமியாருக்கு அனுப்பினாள்.