இமையில் ஒரு தையல், உள்ளே ஒரு சுள்ளி

காய்ந்த கிளைகளை வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தபோது கால் இடறி அந்தக் குவியல் மேலேயே விழுந்தேன். வலது மேல் இமையில், மூக்கை ஒட்டி, அரை சென்டிமீட்டர்கூட இல்லாத காயம். பார்வை தெளிவாகவே இருந்தது. முதலில் பார்த்த மருத்துவர் கழுவி, ஒரு தையலும் டெட்டனஸ் ஊசியும் போட்டு அனுப்பினார். எதன் மேல் விழுந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் "கீழே விழுந்துட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

பத்து நாளில் இமை வீங்கியது. சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கண்குழிக்குள் கொஞ்சம் காற்று இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் வீக்கம் வற்றும். நிறுத்திய நாலாம் நாள் தையல் போட்ட இடத்தில் மஞ்சளாகக் கசியும். மூன்று முறை இப்படி. காலையில் இமைமயிர் ஒட்டிப்போயிருக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை வைத்து ஊறவிட்டால்தான் கண் திறக்கும். அப்புறம் மேலே நிமிர்ந்து பார்த்தால் விளக்கு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் உண்மையாகவே பயந்தேன்.

கண்குழி அறுவை சிகிச்சை நிபுணரின் முதல் கேள்வியே "எது மேல விழுந்தீங்க?" என்பதுதான். காய்ந்த கிளை என்றதும் பழைய சி.டி. படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டி, "காத்து இப்படிக் குச்சி மாதிரி நேரா நிக்காதுங்க, பத்து நாளும் தங்காது" என்றார். காய்ந்த மரத்துக்குள் நிறையக் காற்று இருப்பதால் சி.டி.யில் அதுவும் காற்றைப் போலவே கறுப்பாகத்தான் தெரியுமாம். உள்ளே உலோகம் எதுவும் இல்லை என்று அதே படத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார். இரும்புத் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் அதை நகர்த்திக் கண்ணையே கெடுத்துவிடும்.

எம்.ஆர்.ஐ.யில் சுள்ளியும் அதைச் சுற்றிய சீழும் தெளிவாகத் தெரிந்தன. ஆழத்தில் தொந்தரவு தராமல் கிடக்கும் கண்ணாடித் துண்டை எடுக்காமலே விடுவதும் உண்டாம். மரத்தை அப்படி விட முடியாது, அதில் கிருமி குடியிருக்கும். மேலே மூளைக்கும் கண்குழிக்கும் நடுவில் இருப்பதோ மெல்லிய எலும்பு.

முழு மயக்கத்தில் பழைய காயத்தின் வழியாகவே திறந்து எடுத்தார்கள். இரண்டு சென்டிமீட்டர் நீளச் சுள்ளி, ஊறி உடைந்து இரண்டு துண்டாக வந்தது. துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, சிம்பு ஏதும் மிச்சமில்லை என்று தெரியும்வரை தேடியிருக்கிறார்கள். சீழைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பி, அதற்கேற்ப மருந்தை மாற்றினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்த மருத்துவர் சொன்னதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணருகே ஏதாவது குத்தி நீட்டிக்கொண்டிருந்தால் பிடுங்கக் கூடாது. அழுத்திக் கட்டவும் கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கண்ணில் படாமல் மேலே கவிழ்த்து, உடனே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குத்தியது மரமா, கம்பியா, கண்ணாடியா என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

கசிவு ஒரு வாரத்தில் நின்றது. விளக்கு ஒன்றாகத் தெரிய இரண்டு மாதம் ஆனது.