சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு மசாலாப் பெட்டி

மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, பட்டை, ஏலக்காய், சுக்கு, சாம்பார்ப்பொடி எல்லாம் அமெரிக்க கஸ்டம்ஸில் பெரும்பாலும் தொல்லையில்லாமல் போய்விடும். மாட்டுவது இலையும் விதையும்தான்.

முதலில் கறிவேப்பிலை. அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் 'சிட்ரஸ் கிரீனிங்' நோயைப் பரப்பும் பூச்சி அதிலும் வாழும். ஃபுளோரிடாவில் அந்த நோய் 2005இல் தென்பட்டது. தோட்டங்கள் அழிந்ததிலிருந்து ஒரு கொத்தைக்கூட விடமாட்டார்கள். காயவைத்துக் கொண்டுபோனாலும் முழு இலையாகத் தெரிந்தால் நம்பிக்கை வேண்டாம். பலரும் கோட்டைவிடுவது வேப்பிலைக்கட்டியில். பெயரில்தான் வேப்பிலை, இடிப்பது நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும். எலுமிச்சை வகை இலைகளும் விதைகளும் தடைப் பட்டியலில் இருக்கின்றன, எலுமிச்சைப் புல்லும்தான்.

அரிசியையும் கொண்டைக்கடலையையும் எடுத்துப் போகவே வேண்டாம். சேமித்த தானியத்தைத் தின்று மாவாக்கும் கப்ரா வண்டு உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பயணிகளின் பெட்டியில் வரும் அரிசிக்கு 2011 முதல் தடை.

பொடியை வறுத்து அரைத்த சூட்டோடு கட்டினால் ஆவி உள்ளேயே நின்று கட்டி தட்டும், பூசணம் பிடிக்கும். தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறியபின் அரைக் கிலோ அரைக் கிலோவாக ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, மேலே இன்னொரு கவர். பெருங்காயத்துக்கு மூடி இறுகிய டப்பாதான் சரி, இல்லையென்றால் புடவையெல்லாம் மணக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஆங்கிலத்தில் பெயர் எழுதுங்கள். கடைப் பாக்கெட் என்றால் பிரிக்காதீர்கள். சிக்கன் மசாலா உறையில் கோழிப் படம் இருந்தால் இறைச்சியா என்று கேட்பார்கள்; உள்ளடக்கப் பட்டியல் இருந்தால் காட்டிவிடலாம். நாட்டு மருந்துக்கடையில் காகிதத்தில் மடித்துத் தந்த பெயரில்லாத வேரும் பட்டையும்தான் நீண்ட விசாரணைக்கு இழுக்கும்.

எல்லாம் செக்-இன் பெட்டியில், ஒரே பையாக, துணிக்கு மேலே இருக்கட்டும். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மி.லி.க்கு மேற்பட்ட பொடியைக் கைப்பையில் வைத்தால் தனிச்சோதனை; சந்தேகம் தீராவிட்டால் அந்தப் பொடியை விமானத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு அமெரிக்க கோக் டின் அளவுதான் அது.

பெரும்பாலும் முதலில் இறங்கும் அமெரிக்க நகரத்திலேயே பெட்டியை எடுத்து கஸ்டம்ஸைக் கடக்க வேண்டும். அடுத்த விமானத்துக்கு 3 மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். உணவுப் பொருள் உண்டா என்ற கேள்விக்குப் பதில் எப்போதும் 'ஆம்'. "ஸ்நாக்ஸ்" என்று மழுப்பாமல் மிளகாய்த்தூள், மஞ்சள், சாம்பார்ப்பொடி என்று பெயர் சொன்னால் பெரும்பாலும் எக்ஸ்ரேயோடு விட்டுவிடுவார்கள். சொன்ன பொருளில் தடையுள்ளது இருந்தால் அதை மட்டும் எடுத்துக் குப்பையில் போடுவார்கள், அபராதம் கிடையாது. சொல்லாமல் மறைத்து, கஸ்டம்ஸின் பீகிள் மோப்ப நாய் பெட்டியருகே உட்கார்ந்துவிட்டால், சொந்த உபயோகத்துக்கான சின்ன அளவுக்கே அபராதம் 1,000 டாலர் வரை போகலாம்.