எனக்காக ஒரு மாத்திரை

"இந்த மாத்திரை எனக்கா சார், உங்க கணக்குக்கா?" என்று, மருந்து போடுகிறாரா என வீடு தேடிப்போய் நான் பார்த்துவந்த காசநோயாளி ஒருவர் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரிதானா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க இயலவில்லை.

அது அவருக்குச் சிகிச்சையின் மூன்றாவது மாதம். இருமல் நின்று, எடை கூடி, பழையபடி காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்தார். காசநோய்ப் பிரிவில் பணிபுரிபவர்கள் அஞ்சுவது இந்தக் கட்டத்தைத்தான். முதல் இரண்டு மாதங்கள் கொடுக்கும் நான்கு மருந்துகள் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். பதுங்கியிருக்கும் மிச்சத்தை ஒழிக்கவே அடுத்த நான்கு மாதங்கள். உடம்போ அதற்குள் தேறிவிட்டதாக நம்ப வைத்துவிடுகிறது. மாத்திரை போட்டால் அவருக்குக் குமட்டியது. குமட்டினால் சுமை தூக்க முடியாது. தூக்காத நாளுக்குக் கூலி இல்லை. அரசு அப்போது தந்த மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவியால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். பாதியில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாக அது திரும்பக்கூடும் என்று முன்பே விளக்கியிருந்தேன், அவரும் தலையாட்டியிருந்தார். சொல்வதற்கு வேறொன்றும் இல்லாத நிலையில், "எனக்காகப் போடுங்கண்ணே" என்றேன். போட்டுக்கொண்டார். அதன்பின் நிறுத்தவில்லை, சிகிச்சையை முழுமையாக முடித்தார்.

இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சேத்துப்பட்டில் இயங்கும் மையம் 1956இல் தொடங்கிய ஆய்வு, நெரிசலான வீடுகளில் இருந்தபடியே மருந்து உட்கொண்ட ஏழை நோயாளிகளும், சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் ஓய்வும் நல்லுணவும் பெற்றவர்களுக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்தார்கள் என்பதை 1959இல் நிறுவியது. இப்படி நோயாளி வீடு திரும்பியபோது, மருந்தை விடாமல் போடுகிறாரா என்று பார்க்க அவர் பின்னால் ஒருவர் போக வேண்டியதாயிற்று. என் வேலை பிறந்தது அங்கேதான் என்று நினைத்துக்கொள்வேன். பதிவேட்டை நிரப்புவதே வேலை என்றிருந்த எனக்கு, என் சொல்லால் ஒருவர் மருந்தை விழுங்கிய அன்றுதான், இத்தனை தெருக்களில் நான் ஏறி இறங்குவதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று பட்டது.

ஆனாலும் அன்று எனக்குள் எழுந்த மகிழ்ச்சி, அவர் பிழைப்பார் என்பதாலா, என் பேச்சுக்கு இணங்கினார் என்பதாலா? தன் உயிருக்காக அவர் செய்ய வேண்டியதை எனக்குச் செய்யும் உதவியாக மாற்றிவிட்டேனோ என்ற கேள்வி விடுவதாயில்லை. அடுத்த மாதமே எனக்கு மாறுதல் வந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? பிள்ளைகளுக்காக மூட்டை சுமப்பவர் இன்னொருவருக்காக ஒரு மாத்திரை போட்டுக்கொள்வதில் என்ன தவறு என்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். 'சிகிச்சை முடித்தவர்' என்ற கட்டத்தில் அவர் பெயருக்கு நேராகக் குறியிட்டதும் நான்தான். ஆகவே கணக்குக்கா என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

புதிதாகப் பணியில் சேருகிறவர்களிடம், நோயாளியை உங்களுக்காக மருந்து உண்ணச் சொல்லாதீர்கள், குமட்டலுக்கு மருத்துவரிடம் வழி கேளுங்கள், மருந்து நேரத்தை அவர்களுடைய வேலை நேரத்துக்கேற்ப மாற்ற முடியுமா என்று பாருங்கள் என்றே கூறிவருகிறேன். நானோ, வேறு வழி தோன்றாத வாசல்களில், அதே வார்த்தையை இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.