மாசமா இருக்கிறவங்களும் மணலிப் புகையும்

வடசென்னையில் மணலி, எண்ணூர், கொடுங்கையூர் பக்கம் வீட்டில் யாராவது மாசமா இருந்தால், காலை நடைக்கு அனுப்பும் முன் ஒரு விஷயம். மார்கழி, தை விடியலில் தரையோரக் குளிர்காற்று புகையை மேலே போகவிடாது. "சுத்தமான காத்து" என்று நாம் நம்பும் 5 மணிதான் பெரும்பாலும் மோசம். வெயில் ஏறி 9 மணிக்கு மேல் நடக்கட்டும், கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டை விட்டு உள்தெருவில்.

பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியும் தூசிக்கு அல்ல, பிஎம் 2.5 என்கிற நுண்துகளுக்கு. தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. நுரையீரல் தாண்டி ரத்தத்தில் கலக்கும். நஞ்சுக்கொடியில், அதுவும் குழந்தை பக்கத்திலேயே, கரித்துகள் இருப்பதை 2019-இல் பெல்ஜியம் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தத் துகள் கிளப்பும் அழற்சியால் நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டம் குறைந்தால் பிள்ளைக்குப் போகும் ஆக்சிஜனும் சத்தும் குறையும். எடை 2.5 கிலோவுக்குக் கீழே பிறப்பது, குறைமாதப் பிரசவம், இரண்டுக்கும் வாய்ப்பு கூடும். எல்லோருக்கும் நடக்கும் என்று அர்த்தமில்லை.

பிஎம் 2.5-இன் 24 மணிநேர சராசரிக்கு இந்திய வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. அதனால் காற்றுத் தரம் காட்டும் ஆப்பில் 'திருப்தி' என்று வந்தாலும் நம்பி உட்கார வேண்டாம்.

துணி மாஸ்க், துப்பட்டா வேலைக்காகாது. என்-95 போட்டு மூக்குக் கம்பியை அழுத்துங்க; மூச்சு விடும்போது கண்ணுப் பக்கம் காத்து வந்தால் இடைவெளி இருக்கு. மூச்சு முட்டினால் கழட்டிடணும்.

வீட்டுக்குள்ளேயும் பாருங்க. கொசுவத்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை. உலர் துடைப்பம் வேண்டாம், ஈரத்துணி. போகி அன்னைக்கு ஜன்னலைச் சாத்திடுங்க. ஸ்கேனில் வளர்ச்சி பின்தங்கினால், வீட்டைச் சுற்றியுள்ள புகையையும் டாக்டரிடம் சொல்லுங்க. அவங்களா கேட்பது அபூர்வம்.