வலி வர ஊசி போடுவதற்கு முன்னால்

"நாள் தாண்டிடுச்சு, வலி வர ஊசி போட்டுடலாம்" என்று டாக்டர் சொன்னால், நம் வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் தலையை ஆட்டிவிட்டு அட்மிட் ஆகிவிடுகிறார்கள். ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

ஊசியே கூடாது என்று சொல்லவில்லை. 41 வாரம் தாண்டினாலோ, பிரஷர் ஏறினாலோ, பனிக்குடம் உடைந்தும் வலி வராவிட்டாலோ அது இரண்டு உயிரையும் காப்பாற்றும். நல்ல நட்சத்திரத்துக்காகப் போடச் சொல்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

என் தங்கைக்கு வலி வர மருந்து கலந்த ட்ரிப்ஸ் ஏற ஏற, ஒரு வலி அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்த கையை அவளால் எடுக்கவே முடியவில்லை. பத்து நிமிடத்தில் 5 முறைக்கு மேல் வலி வந்தால் கர்ப்பப்பைக்கு ஓய்வில்லை, குழந்தைக்கு ஆக்சிஜன் குறையலாம். ட்ரிப்ஸைக் குறைக்க வேண்டும், இல்லை நிறுத்த வேண்டும். அதற்கு, குழந்தையின் இதயத் துடிப்பை ஒருவர் விடாமல் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் பிரசவம் சிசேரியன் என்றால் இன்னும் கவனம். பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்து உண்டு. இவர்களுக்கு வலி வர வைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது.

கர்ப்பப்பை வாய் தயாராக இருக்கிறதா, எந்த மருந்து, எவ்வளவு, வலி வராவிட்டால் அடுத்து என்ன? இதையெல்லாம் கேளுங்கள். "உனக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்று மடக்கினாலும் விடாதீர்கள். வலியில் இருக்கும் பெண்ணால் பேச முடியாது, கூட இருக்கும் கணவரோ அம்மாவோ கேட்கட்டும்.